பழி சுமந்த சட்டை

பசு கன்று ஈனப் போகிறது என்றால், பத்து நாள் முன்னதாகவே கொட்டிலைக் கூட்டி, காய்ந்த வைக்கோலைப் பரப்பி, கன்றைத் துடைக்கச் சாக்கையும் எடுத்து வைக்கிறான் உழவன். திருமணம் என்றால், மண்டபம் ஓராண்டுக்கு முன்பே பதிவாகிவிடுகிறது. தேர்தல் என்றாலோ, நாள் குறிக்கப்படுமுன்பே சுவர் பிடிக்கப்பட்டுவிடுகிறது! வருவது தெரிந்தால் வரவேற்க ஆயத்தமாவது மனிதர் இயல்பு. ஆனால், பத்துத் திங்களாகத் தன் வருகையை அறிவித்துக்கொண்டே வருகிற விருந்தாளி ஒருவர் உண்டு. வரும் நாளும் ஏறத்தாழத் தெரியும். அந்த விருந்தாளிக்கு மட்டும் ஒரு முழத் துணிகூட முன்கூட்டி எடுத்து வைக்கலாகாது என்கிறது நம் வீடுகள் பலவற்றில் இன்னும் நிலவும் வழக்கம். பிறக்குமுன் சட்டை தைத்தால் பிள்ளைக்கு ஆகாதாம்! தொட்டில் வாங்கினால் அது வெறுமையாய் ஆடுமாம்!

அதே வீட்டில், ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ, ஊரை அழைத்து வளைகாப்பு நடக்கிறது. கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்குகிறோம். புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் தேங்காய்ச் சோறும் ஆக்கி அடுக்குகிறோம். ஒளிப்படக்காரருக்கும் பந்தற்காரருக்கும் பல்லாயிரம் அளக்கிறோம். வயிற்றில் உள்ள பிள்ளைக்கு விழா எடுக்கலாம், துணி எடுக்கலாகாதா? கேட்டால் பதில் இல்லை. "பெரியவர்கள் சொன்னார்கள்" என்ற பழைய பூட்டு ஒன்றுதான் தொங்குகிறது.

அரசியலும் இலக்கியமும் பேசும் இடத்தில் ஒரு துணிப்பையைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். பேறுகாலத்துக்கு மருத்துவமனை செல்லும் பெண்ணின் கையில் இருக்க வேண்டிய பையைப் பற்றித்தான் பேசப் போகிறோம். சிறிய பொருள்தான். ஆனால் மடமை பெரிய பொருள்களில் மட்டுமா குடியிருக்கிறது?

முற்காலத்தில் பேறு வீட்டிலேயே நடந்தது. வலி கண்டதும் பாட்டி பெட்டியைத் திறப்பார், பழந்துணி கிடைக்கும், அடுப்பில் வெந்நீர் இருக்கும். முன்கூட்டி எடுத்து வைக்காததால் பெரும் இடர் நேர்ந்துவிடவில்லை. இன்று நிலைமை வேறு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்ட பேறுகள் மருத்துவமனைகளிலேயே நடந்தன. பெருமைப்படத்தக்க மாறுதல். ஆனால், பேறு இருட்டறையை விட்டு மருத்துவமனைக்குப் போய்விட்டது. பாட்டியின் பெட்டி வீட்டிலேயே இருக்கிறது! நள்ளிரவில் வலி கண்டு, இருபது கல் தொலைவு ஓடி, பிள்ளை பிறந்த பின்னர், அதைப் போர்த்தத் துணியின்றித் தந்தை கடைவீதியில் கதவு தட்டுகிறார். உலகில் பிறக்கும் குழந்தைகளுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்று முப்பத்தேழு வாரம் நிறையுமுன்பே பிறந்துவிடுகிறது. நாம் நாள் பார்த்துக்கொண்டிருக்கலாம். பிள்ளை பஞ்சாங்கம் பார்ப்பதில்லை.

இந்த வழக்கத்தைக் கேலி செய்வது எளிது. நாமும் மேலே சிறிது செய்துவிட்டோம். ஆனால் அதன் வேரைத் தோண்டிப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். 1951-இல் இந்தியாவில் பிறந்த குழந்தைகளுள் ஆயிரத்துக்கு 146 ஓராண்டு நிறையுமுன்பே மடிந்தன என்பது அரசுக் கணக்கு. ஏழில் ஒன்று! இழவு விழாத தெரு இல்லை. அந்நாளில் தைத்து வைத்த சட்டையைப் போட்டுக்கொள்ளப் பிள்ளை இல்லாமற்போன தாய்க்கு, அந்தச் சட்டையைப் பார்ப்பதே சாவாக இருந்திருக்கும். பட்ட மனம் அடுத்தமுறை ஊசியை எடுக்க அஞ்சிற்று. ஒருத்தியின் அச்சம் பலரின் அச்சமாகி, பலரின் அச்சம் விதியாகி, விதிக்குத் தெய்வத்தின் பெயரும் சூட்டப்பட்டுவிட்டது. இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. யூதக் குடும்பங்கள் பலவற்றிலும், பிள்ளை பிறக்குமுன் அதற்கென எதுவும் வீட்டுக்குக் கொண்டுவரலாகாது என்னும் வழக்கம் உண்டு. துயரம் எங்கும் ஒரே மொழியில்தான் பேசுகிறது போலும்.

2020-ஆம் ஆண்டுக் கணக்கில், தமிழ்நாட்டில் இந்த எண் ஆயிரத்துக்கு 13-ஆக இருந்தது. சாவு குறைந்தது, சாவு தந்த அச்சம் மட்டும் குறையவில்லை.

நம் இல்லத்திலேயே அது நடந்தது. நம் மகள் தலைப்பேற்றுக்காகத் தாய்வீடு வந்திருந்தாள். எட்டாம் மாதம் தொடங்கியதும் கடைக்குச் சென்று, சிறு சட்டைகள் இரண்டும் பருத்தித் துண்டுகளும் குல்லாய் ஒன்றும் வாங்கி வந்து கூடத்தில் பரப்பினாள். நம் அன்னையாருக்கு அப்போது வயது எண்பத்து நான்கு. அவற்றைக் கண்டதும் முகம் வெளுத்தது. "இதை இந்த வீட்டில் வைக்காதே, ஆத்தா! கொண்டுபோய்க் கொடுத்துவிடு!" என்று கூவினார். மகள் திகைத்தாள். "அப்பாயி, வெறும் துணிதானே?" என்றாள். அன்னையார் எழுந்து உள்ளே போய்விட்டார்.

காரணம் நமக்குத் தெரியும். நமக்கு முன் அவருக்கு இருவர் பிறந்தனர். 1962-இல் மூத்தவன். அவனுக்காக, பிறக்குமுன்பே, மஞ்சள் பூப்போட்ட சீட்டித் துணியில் தம் கையாலேயே ஒரு சட்டை தைத்து வைத்திருந்தார் அன்னையார். பிள்ளை எட்டு நாள்தான் இருந்தான். "முந்தித் தைத்தாள், முந்திக்கொண்டு போய்விட்டான்" என்றது ஊர். ஈராண்டு கழித்து ஒரு பெண். இந்தமுறை அன்னையார் எதையும் தைக்கவில்லை. ஒரு நூலைக்கூடத் தொடவில்லை. அவளும் ஏழு நாள்தான்! சட்டை தைக்காத பிள்ளையும் போயிற்றே, அப்படியானால் குற்றம் சட்டையினுடையதன்று என்று எவரேனும் எண்ணினரா? இல்லை. "பழைய சட்டை பெட்டிக்குள் இருக்கிறதே, அதுதான்!" என்று புதிய தீர்ப்பு எழுதினர். சட்டையை ஆற்றங்கரையில் எரித்தனர். மூன்றாவதாகப் பிறந்தது நாம். வலி இரண்டு நாளாகியும் பேறு நிகழாததால், வண்டி கட்டித் தாலுக்கா மருத்துவமனைக்குக் கொண்டுபோயினர். அங்கே பிறந்தோம், பிழைத்தோம். குப்பையில் புரட்டியெடுத்துக் 'குப்பன்' என்று ஓர் அழைப்புப் பெயரும் வைத்தனர். பெருமை யாருக்குப் போயிற்று? மருத்துவமனைக்கா? இல்லை, எரித்த சட்டைக்கும் அள்ளிய குப்பைக்கும்! பிள்ளை இறந்தால் அதுவும் சான்று. பிழைத்தால் அதுவும் சான்று. எந்தப் பக்கம் விழுந்தாலும் வெல்லும் நாணயம் ஒன்று மடமையிடம் மட்டும்தான் இருக்கிறது.

சில நாள் கழித்து, கர்ப்பிணிகளைப் பார்க்க வரும் கிராமச் சுகாதாரச் செவிலியர் வந்தார். மகள் நடந்ததைச் சொன்னாள். அவர் அன்னையாரிடம் வாதம் செய்யவில்லை. அருகில் அமர்ந்து கேள்வி மட்டும் கேட்டார்.

"பாட்டி, கொடியை எதனால் அறுத்தார்கள்?"

"கதிர் அரிவாளால்தான். வேறு என்ன இருந்தது அன்றைக்கு?"

"அறுத்த இடத்தில் என்ன வைத்தார்கள்?"

"சாணிச் சாம்பல். ஈரத்தை இழுத்துவிடும் என்பாள் மருத்துவச்சி."

"பிள்ளை முதலில் பால் குடித்தானா?"

"நன்றாகக் குடித்தானே! ஆறாம் நாள்தான் வாயைத் திறக்க மாட்டேன் என்றான். அப்புறம் விறைத்துப் போய் வில்லாட்டம் வளைந்தான். பெண்ணுக்கும் அதே மாதிரிதான்."

செவிலியர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பாட்டி, அது இசிவு நோய். மண்ணிலும் சாணியிலும் இருக்கிற கிருமி. அரிவாள் வழியாகவோ சாம்பல் வழியாகவோ கொடிக்குள் போயிருக்கும். சட்டை எந்தப் பிள்ளையையும் கொல்லாது" என்றார்.

அன்னையார் கேட்ட கேள்வியை நாம் எதிர்பார்க்கவில்லை. "அப்படியானால், சாம்பலை வைக்கச் சொல்லிக் கிடந்த நானா கொன்றேன்?"

அறுபது ஆண்டுகளாகச் சட்டை சுமந்த பழி, ஒரு நொடியில் அந்தக் கிழவியின் தலைக்கு மாறிற்று! பகுத்தறிவு பேசும் நம்மனோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். மூடநம்பிக்கை சில வேளை, தாங்கமுடியாத துயரத்துக்கு மனிதர் போட்டுக்கொண்ட கூரை. அதைப் பிரிக்கத்தான் வேண்டும். ஆனால் பிரிக்கிறவர், உள்ளே இருப்பவரை வெயிலில் விட்டுவிட்டுக் கைதட்டலுக்குக் காத்திருக்கலாகாது. அந்தச் செவிலியர் விடவில்லை. அன்னையாரின் கையைப் பற்றிக்கொண்டு, "நீங்கள் இல்லை, பாட்டி. தாய்க்குப் போடுகிற ஊசி ஒன்று இருக்கிறது. அது அன்றைக்கு உங்கள் ஊருக்கு வரவில்லை. சுத்தமான கத்தியும் வரவில்லை. சொல்லிக்கொடுக்க ஆளும் வரவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்றார். மேடையில் நாம் கேட்ட எத்தனையோ சொற்பொழிவுகளைவிட இந்த நான்கு வரி பெரிது.

அந்த ஊசி பிறகு வந்தது. கருவுற்ற தாய்க்கு ஊசி போட்டால், தாயின் குருதி வழியே பிள்ளைக்கும் காப்புக் கிடைக்கிறது. ஊசியும் தூய்மையான பேறும் ஊர்தோறும் பரவின. பேறுகால இசிவு நோயும் பச்சிளங்குழந்தை இசிவு நோயும் இந்தியாவில் பொதுநலச் சிக்கல் என்னும் நிலையிலிருந்து ஒழிக்கப்பட்டன என்று 2015-இல் உறுதிசெய்யப்பட்டது. தோரணம் கட்டிக் கொண்டாடியிருக்க வேண்டிய செய்தி. எத்தனை பேர் அறிவர்?

அதன்பின் பை ஆயத்தமாயிற்று. அன்னையார் முற்றும் இணங்கிவிடவில்லை. பழந்துணி வைக்கலாம், புதுச்சட்டை கூடாது என்றார். நாம் மல்லுக்கு நிற்கவில்லை. மகளோ, சட்டைகளை அலசிக் காயவைத்து, பையின் அடியில் மறைவாக வைத்துவிட்டாள். மேடையில் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் சீர்திருத்தம், கூடத்தைக் கடந்து அடுக்களைக்குள் போக ஆறு மாதம் கேட்கிறது!

பழந்துணியைப் பற்றி ஒரு சொல். தாத்தாவின் பழைய வேட்டியில் பிள்ளையை ஏந்தினால் அவரது ஆயுள் பிள்ளைக்கு வரும் என்பர். ஆயுள் வருவதாயின், தொண்ணூறு வயது வேட்டிக்கு ஏலம் அல்லவா நடக்கும்! ஆனால் பலமுறை துவைத்து மென்மையான பருத்தித் துணி, பச்சிளந்தோலுக்கு மிகவும் நல்லது என்பது உண்மை. காரணம் பிழை, காரியம் சரி. இத்தகைய வழக்கத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. காரணத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். வேட்டியைக் கிழித்து, நன்கு துவைத்து, சுடுவெயிலில் உலர்த்தி, தூய உறை ஒன்றில் கட்டி வைக்க வேண்டும். எட்டுப் பத்துத் துண்டுகளேனும் இருக்கட்டும். பிறந்த பிள்ளை கணக்குப் பார்த்தா நனைக்கும்?

அவற்றுள் இரண்டு துணி தனியே இருக்க வேண்டும். பிள்ளை ஈரத்தோடு பிறக்கிறது. அந்த ஈரம் உலர்கையில் உடற்சூட்டையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஆகவே, ஒரு துணியால் உடனே துடைத்து, நனைந்த அத்துணியை அப்புறப்படுத்திவிட்டு, தாயின் வெற்று மார்பின்மீது பிள்ளையைக் கிடத்தி, மற்றொரு துணியால் இருவரையும் போர்த்த வேண்டும். பிள்ளையின் தலை உடலின் அளவை நோக்கப் பெரிது. சூடு அதன் வழியே மிகுதியாய் வெளியேறும். குல்லாய் அதற்காகத்தான், அழகுக்கு அன்று. கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் எட்கர் ரே என்னும் மருத்துவர், 1978-இல், சூட்டுப்பெட்டிகள் போதாத நிலையில், எடை குறைந்த பிள்ளைகளைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டி வளர்க்கும் முறையைத் தொடங்கினார். இன்று உலகமே அதைப் பின்பற்றுகிறது. விலைமிக்க எந்திரம் செய்யும் வேலையைத் தாயின் நெஞ்சு செய்தது! ஆதலால், தாய்க்கு முன்பக்கம் திறக்கும் தளர்ந்த மேலங்கி இரண்டேனும் பைக்குள் இருக்கட்டும். பட்டுச் சட்டையும் சரிகைக் குல்லாயும் வேண்டா; அவை பிள்ளையின் தோலைக் கீறும்; பார்க்க வருவோரின் கண்ணை மட்டும் குளிர்விக்கும். பொத்தானைவிட முடிபோடும் நாடாவே நன்று.

தாய்க்கு வேண்டிய உள்ளாடை, பெரிய அணையாடைகள், சீப்பு, சோப்பு, செருப்பு, வெந்நீர்க்குடுவை, குவளை, தட்டு இவற்றையெல்லாம் பெண்கள் நம்மைவிட நன்கு அறிவர்.

பைக்குள் வைக்கலாகாதவற்றைத்தான் வலியுறுத்திச் சொல்ல வேண்டும். முதலாவது, சேனை. பிறந்த பிள்ளையின் நாவில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தொட்டு வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வருமாம்! அப்படியானால் நாட்டில் நல்லவர் ஒருவரைப் பிடித்து ஊர்தோறும் அனுப்பிவிடலாமே. சீர்திருத்த ஏடுகளுக்கு வேலையே இராதே! தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, பச்சிளங்குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கி உடலைத் தளரச் செய்துவிடும். ஓராண்டு நிறையும் வரை தேன் தரலாகாது என்பது மருத்துவ முடிபு. பிள்ளைக்கு முதல் உணவு சீம்பால். மஞ்சளாய்த் திரண்டு வருவதால் அதைக் கெட்டபால் என்று பீச்சிக் கொட்டிய தலைமுறைகள் உண்டு. நோயைத் தடுக்கும் ஆற்றலைக் குடம் குடமாய்த் தரையில் கொட்டினர். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளை அதைச் சப்ப வேண்டும். அதற்குப் பைக்குள் எதுவும் வேண்டா.

இரண்டாவது, பாற்புட்டியும் மாவுப்பால் டப்பாவும். அவற்றை விளம்பரம் செய்வதே 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆயினும் 'எதற்கும் இருக்கட்டும்' என்று பைக்குள் நுழைந்துவிடுகின்றன. பை திறக்கும்போது புட்டி கண்ணில் படும், பிள்ளை அழும், பாட்டி புட்டியை எடுப்பார். வைத்தால்தானே எடுக்க? மருத்துவர் பிள்ளையின் நிலை பார்த்து வேண்டும் என்றால், அப்போது பார்த்துக்கொள்ளலாம். கண்ணுக்கு மை, தூவப் பொடி, கையில் கட்ட வசம்பு ஆகியவையும் வீட்டிலேயே இருக்கட்டும். முதல்நாள் குளிப்பாட்டும் பரபரப்பும் வேண்டா. இருபத்து நான்கு மணி நேரமேனும் பொறுத்துக் குளிப்பாட்டுவதே நலம்.

ஆண்களுக்கு ஒரு சொல். பை என்றால் பெண்கள் வேலை என்று திண்ணையில் அமர்ந்துவிடுவது நம்மவர் வழக்கம். தாய்சேய் நல அட்டை எங்கே? குருதி வகை எழுதிய தாள் எங்கே? ஆதார் படி எங்கே? முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகை வந்து சேர வேண்டிய வங்கிக் கணக்கேடு எங்கே? பிள்ளையின் பிறப்பைப் பதிவுசெய்யக் கேட்கப்படும் எண் எங்கே? மனைவி வலியில் துடிக்கையில் இவற்றை அவளிடமே கேட்கும் கணவர்களைக் கண்டிருக்கிறோம்! பைக்குள் ஓர் உறையில் இவற்றை அடுக்கி வைப்பதும், குருதி கொடுக்க இசைந்த இருவரின் தொலைபேசி எண்ணை எழுதி வைப்பதும் கணவன் கடன்.

பை கட்ட வசதியில்லாத வீடு என்ன செய்யும்? பின்லாந்து நாடு 1938-இல் ஒரு வழி கண்டது. ஏழைத் தாய்மாருக்கு, பிள்ளைக்கு வேண்டிய ஆடையும் துணியும் நிறைந்த பெட்டி ஒன்றை அரசே தந்தது; 1949 முதல் எல்லாத் தாய்மாருக்கும் தந்தது. நான்காம் மாதம் முடியுமுன் மருத்துவரிடமோ நலநிலையத்திலோ உடலைக் காட்டியிருக்க வேண்டும் என்பது ஒன்றே கட்டளை. பெட்டிக்காகத் தாய் மருத்துவரிடம் வந்தாள். வந்ததால் தாயும் பிள்ளையும் பிழைத்தனர். பெட்டியே தொட்டிலாகவும் பயன்பட்டது. தமிழ்நாட்டிலும், அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்குத் துண்டு, ஆடை, படுக்கை, கொசுவலை முதலிய 16 பொருள்கள் கொண்ட பரிசுப்பெட்டகம் வழங்கும் திட்டம் 2015-இல் தொடங்கப்பட்டது. பாராட்டுவோம். ஆனால் அது பிள்ளை பிறந்த பின் தரப்படுமாறு வகுக்கப்பட்டது. துணி வேண்டிய முதல் மணி அதற்கும் முந்தியது. பெட்டகத்தின் ஒரு பகுதியை எட்டாம் மாதத்திலேயே செவிலியர் கையால் வீட்டுக்கு அனுப்பினால் என்ன? "அரசு கொடுத்தது" என்றால், எங்கள் அன்னையாரைப் போன்றோரின் அச்சமும் சிறிது தணியுமே!

நம் மகளுக்கு வலி கண்டது குறித்த நாளுக்குப் பன்னிரண்டு நாள் முன்னதாக, இரவு இரண்டு மணிக்கு. 108 வண்டி வந்தது. பை ஆணியில் தொங்கியது, எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். விடியுமுன் பெண்குழந்தை பிறந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு கூலித்தொழிலாளியின் மனைவி. அவளுக்கும் அதே வேளையில் பேறு. பிள்ளையைச் சுற்ற அவளுடைய மாமியார் தம் முந்தானையைக் கிழித்துக்கொண்டிருந்தார். "முன்னாலே எடுத்து வைக்கக்கூடாது என்பார்களே, அதனால்தான்" என்றார் கூச்சத்தோடு. நம் பையிலிருந்து நான்கு துண்டுகள் அந்தக் கட்டிலுக்குப் போயின.

பொழுது விடிந்ததும் அன்னையாருடன் தொலைபேசியில் பேசினோம். ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. நாள் எது, விண்மீன் எது என்று கேட்கவில்லை. "தொப்புளில் எதையும் வைத்துவிடவில்லையே?" என்று கேட்டார். வைக்கவில்லை, காய்ந்தபடியே விட்டிருக்கிறார்கள் என்றோம். "சரி" என்றார்.

மூன்றாம் நாள் வீடு திரும்பினோம். அன்னையார் பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டார். பால் குடிக்கிறதா, வாயைத் திறக்கிறதா என்று பகலிலும் இரவிலும் எழுந்து எழுந்து பார்த்தார். நாங்கள் எதுவும் சொல்லவில்லை. எட்டு நாள் முடிந்து ஒன்பதாம் நாள் காலை, பையின் அடியில் மடித்தபடியே கிடந்த சட்டைகளுள் ஒன்றைத் தாமாகவே எடுத்து, வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, "கடைத் துணிதானே, இன்னொருதரம் அலசிவிட்டுப் போடுங்கள்" என்றார்.